குமரியில் பாஜக யாரை நிறுத்தினால் ஜெயிக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேர்தல் வாசம் அடிக்கத் தொடங்கியதும் வடசேரி சந்தையிலும் தக்கலை சாயக்கடையிலும் ஒரே பேச்சுதான்: சீட்டு யாருக்கு? நான் கல்குளம் தாலுகாக்காரன். ஒரு பள்ளிக்கூட வாக்குச்சாவடியில் பல தேர்தல்களாக பாஜகவின் பூத் ஏஜெண்டாக உட்கார்ந்து வருகிறேன். ஜெயித்த இரவும் தெரியும், தோற்ற இரவும் தெரியும். கட்சியின் இளைஞர்களும், கட்சிக்கு வெளியே உள்ள நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு என் மனதில் பட்ட பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

தமிழ்நாட்டில் இத்தனை மாவட்டம் இருக்க, குமரியை மட்டும் ஏன் இப்படி அலசுகிறீர்கள்?

இங்கேதான் பாஜகவுக்குத் தமிழ்நாட்டில் முதல் வேர் பிடித்தது. 1996-ல் பத்மநாபபுரத்தில் சி. வேலாயுதன் ஜெயித்தார். தமிழ்நாடு சட்டமன்றத்துக்குள் பாஜக உறுப்பினராக நுழைந்த முதல் ஆள் அவர். மாநிலம் முழுக்க திமுக - தமாகா அலை அடித்த தேர்தல் அது. பாஜக கூட்டணி இல்லாமல் நின்றது.

இன்னொரு காரணம் மக்கள்தொகை. 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் 18 லட்சத்து 70 ஆயிரம் பேர். இந்துக்கள் ஏறத்தாழ 48.7 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.9 சதவீதம், முஸ்லிம்கள் 4.2 சதவீதம். இப்படி ஒரு கணக்கு தமிழ்நாட்டில் வேறு எந்த மாவட்டத்திலும் கிடையாது. ஒரு பக்கத்து ஆதரவை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் இங்கே நிம்மதியாக ஜெயிக்க முடியாது. அதனால் வேட்பாளர் யார் என்பது மற்ற ஊர்களைவிட இங்கே பெரிய கேள்வி.

நேரடியாகச் சொல்லுங்கள். கொள்கையில் உறுதியானவரை நிறுத்த வேண்டுமா, எல்லோருக்கும் பொதுவானவரையா?

இப்படி இரண்டாகப் பிரித்துக் கேட்பதே நம்மைத் தவறான இடத்தில் கொண்டு போய் விடுகிறது. கொள்கையில் உறுதியான ஆளாகவே இருக்கட்டும். ஆனால் அவரைப் பார்த்து எதிர்த்தரப்பு பயப்படக் கூடாது. நான் இத்தனை தேர்தலில் கண்டது இதுதான்: இங்கே நம் வாக்கு பெரிதாகக் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. நம்மை எதிர்க்கும் வாக்கு சிதறுகிறதா, ஒன்று சேர்கிறதா என்பதில்தான் முடிவு இருக்கிறது. அதை ஒன்று சேர்ப்பது பயம். பயமுறுத்தாத வேட்பாளர்தான் நம்முடைய சிறந்த வேட்பாளர்.

இதற்கு ஆதாரம் உண்டா, அல்லது உங்கள் எண்ணமா?

எண்களையே பாருங்கள். கன்னியாகுமரி மக்களவைத் தொகுதியில் பொன். ராதாகிருஷ்ணன் 2014-ல் வாங்கிய வாக்குகள் 3,72,906. சுமார் 1 லட்சத்து 28 ஆயிரம் வித்தியாசத்தில் ஜெயித்தார். 2019-ல் அவரே 3,67,302 வாங்கினார். சுமார் 2 லட்சத்து 60 ஆயிரம் வித்தியாசத்தில் தோற்றார். 2024-ல் 3,66,341 வாங்கி மறுபடியும் தோற்றார்.

மூன்று எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 2021 இடைத்தேர்தலை (அதில் 4,38,087 வாங்கியும் தோற்றார்) விட்டுவிட்டால், இந்த மூன்று பொதுத் தேர்தல்களில் ஆறாயிரத்துச் சொச்சம் வாக்குதான் ஆட்டம். ஒன்று பெரிய வெற்றி, மற்ற இரண்டும் பெரிய தோல்வி. மாறியது எதிர்ப்பக்கம். 2014-ல் காங்கிரஸ் தனி, அதிமுக தனி, திமுக தனி, மார்க்சிஸ்ட் தனி. காங்கிரசின் வசந்தகுமார் 2,44,244 வாங்கினார். இந்த நான்கு கட்சிகளின் வாக்கையும் கூட்டினால் 5 லட்சத்து 73 ஆயிரத்தைத் தாண்டும். 2019-ல் அதே வசந்தகுமார் கூட்டணி பலத்தோடு நின்று 6,27,235 வாங்கினார். அந்தத் தேர்தலில் அதிமுக நம் பக்கம் இருந்தது என்பதை மறக்க வேண்டாம். கட்சி கூட வந்தது, அந்தக் கட்சியின் வாக்கு வரவில்லை.

எங்கள் பூத்தில் அன்று நடந்ததைச் சொல்கிறேன். வாக்குப்பதிவு தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போதே வரிசை பள்ளிக்கூட வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்துவிட்டது. எனக்கு ஐந்தாம் வகுப்பில் கணக்கு சொல்லிக்கொடுத்த சார் வரிசையில் நின்றார். கிறிஸ்தவர். 2014-ல் அவர் இரட்டை இலைக்குப் போட்டவர், என்னிடமே சொல்லியிருக்கிறார். அருகில் போய் வணக்கம் சொன்னேன். "தம்பி, ஒங்க ஆளு மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. நல்ல மனுசன். ஆனா ஒங்க பயலுக வாட்ஸ்அப்பில போடுகதை எனக்க பேத்தி வாசிச்சுக் காட்டினா. அவ ராத்திரி உறங்கல" என்றார். அவ்வளவுதான். நான் உள்ளே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். மாலையில் பதிவான வாக்குகளின் கணக்கான படிவம் 17சி-யில் கையெழுத்துப் போடும்போது மொத்த எண்ணிக்கையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

சாருடைய அந்த ஒரு வாக்கைப் போல எத்தனை ஆயிரம் வாக்குகள் அன்று இடம் மாறியிருக்கும்! அவற்றில் எதையும் நம் வேட்பாளர் இழக்கவில்லை. நம்மைச் சேர்ந்தவர்கள் போட்ட பதிவுகள்தான் அவற்றை எதிர்ப்பக்கம் கூட்டிக்கொண்டு போயின.

அப்படியானால் பொன். ராதாகிருஷ்ணன் தவறான வேட்பாளரா?

இல்லை. அப்படிச் சொன்னால் நன்றி கெட்டவனாவேன். 1999-ல் திமுக கூட்டணியில் அன்றைய நாகர்கோவில் மக்களவைத் தொகுதியில் ஜெயித்தார். 2014-ல் இரண்டு திராவிடக் கட்சிகளும் இல்லாமல் ஜெயித்தார். அந்த வருடம் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் பாஜகவுக்குக் கிடைத்தது இந்த ஒன்றே ஒன்று. இரண்டு முறை மத்தியில் இணை அமைச்சராக இருந்தார். அவருக்கென்று ஒரு வாக்கு இருக்கிறது, அது அவரை விட்டுப் போகவில்லை என்பதை மேலே உள்ள எண்களே சொல்கின்றன.

என் வருத்தம் வேறு. 1990-கள் தொடங்கி 2024 வரை ஒரே முகத்தைச் சுற்றியே மக்களவைத் தேர்தலைக் கட்டினோம். அடுத்த வரிசையை வளர்க்கவில்லை. ஒரு தோட்டத்தில் ஒரே தென்னையை மட்டும் நட்டுவிட்டு வருடா வருடம் தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தது போல ஆகிவிட்டது.

எம்.ஆர். காந்தி எப்படி ஜெயித்தார்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன்.

 நாகர்கோவில் சட்டமன்றத் தொகுதியில் 2016-ல் நின்றார், 46 ஆயிரத்துச் சொச்சம் வாக்கு வாங்கி இரண்டாம் இடம். 2021-ல் அதிமுக கூட்டணியில் நின்று 88 ஆயிரத்துச் சொச்சம் வாங்கி, முன்னாள் அமைச்சர் சுரேஷ்ராஜனைச் சுமார் 11 ஆயிரம் வாக்கில் தோற்கடித்தார். அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டில் பாஜகவுக்குக் கிடைத்த நான்கு இடங்களில் ஒன்று இது.

கூட்டணி இல்லாவிட்டால் இது நடந்திருக்காது, உண்மை. ஆனால் அதே கூட்டணி அதே நாளில் குளச்சலிலும் விளவங்கோட்டிலும் பாஜக வேட்பாளர்களைக் கரையேற்றவில்லையே? அந்த இரண்டு தொகுதிகளின் மக்கள்தொகைக் கணக்கு வேறு என்பார்கள். அதுவும் சரிதான். இருந்தாலும் நாகர்கோவிலில் வாக்குக் கேட்டுப் போனவர்களைக் கேளுங்கள், ஒரு விஷயத்தை எல்லோரும் சொல்வார்கள். அந்த மனிதரை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

செருப்புப் போடாமல் நடக்கும் மனிதர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். தெருவில் அவர் வருவதைப் பார்த்து எழுந்து நிற்பவர்களில் நம் கட்சிக்கு ஒருமுறைகூட வாக்களிக்காதவர்கள் உண்டு. தார் உருகும் பங்குனி வெயிலில் அந்த வெறுங்காலைப் பார்த்த ஒரு பெரியம்மா, வாசலில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டு "இதில நில்லும் அண்ணாச்சி" என்றதை என் கண்ணால் பார்த்தேன். அந்த வீட்டுச் சுவரில் இயேசு படம் இருந்தது. அந்த வீட்டு வாக்கு எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வீட்டார் பயந்து கூட்டம் சேர்ந்து வரிசையில் நிற்கப் போவதில்லை என்று மட்டும் அன்று உறுதியாகத் தெரிந்தது.

இத்தனைக்கும் கொள்கையில் அவர் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுத்தவர் இல்லை. வேலாயுதனும் அப்படித்தான், ஆர்.எஸ்.எஸ். சங்கப் பணியிலேயே வளர்ந்தவர். உறுதி வேறு, உரத்த குரல் வேறு. நம் இளைஞர்கள் பலர் இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறார்கள்.

1982-ஐ ஞாபகப்படுத்தினால் இந்து வாக்கு திரளாதா?

இந்துக்களுக்கும் கிறிஸ்தவ மீனவர்களுக்கும் நடுவே மண்டைக்காட்டுக் கலவரம் நடந்தது 1982 மார்ச்சில். அதன் சூட்டில் 1984-ல் பத்மநாபபுரத்தில் இந்து முன்னணி சார்பில் நின்ற வி. பாலச்சந்திரன் சுயேச்சையாக ஜெயித்தார். அதனால் இந்த வழி ஒருமுறை பலித்தது என்று சொல்பவர்கள் உண்டு.

பலித்தது, அதற்குக் கொடுத்த விலை என்ன? மண்டைக்காட்டுக்கும் பக்கத்துக் கடற்கரை ஊரான புதூருக்கும் நடுவே பல வருடம் ஒரு கல்யாணப் பத்திரிகைகூடப் போகவில்லை என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். இன்று மண்டைக்காட்டுக் கோயிலின் மாசிக் கொடைத் திருவிழாவுக்குக் கூட்டம் வருகிறது, கடற்கரை ஊர்த் திருவிழாவுக்கும் கூட்டம் போகிறது. அந்தப் புண்ணை மறுபடியும் கீறி வாக்குக் கேட்பவரை நான் வேட்பாளராக ஏற்க மாட்டேன். ஜெயிக்க முடியாது என்பது இரண்டாவது காரணம். முதல் காரணம், அது பாவம்.

மேம்பாலம் கட்டினோம், நான்குவழிச் சாலைக்கு நிதி கொண்டுவந்தோம். வேலை செய்த வேட்பாளர் என்று சொல்லிக் கேட்டால் போதாதா?

மார்த்தாண்டம் மேம்பாலமும் பார்வதிபுரம் மேம்பாலமும் 2018-ல் திறந்தன. அடுத்த வருடமே 2 லட்சத்து 60 ஆயிரத்தில் தோற்றோம். இதற்கு மேல் என்ன சொல்ல?

மேம்பாலம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதில் போகாதவர் யார்? ஆனால் கடற்கரையில் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. இனயத்தில் சரக்குப் பெட்டகத் துறைமுகத்துக்கு மத்திய அமைச்சரவை 2016-ல் கொள்கை ஒப்புதல் தந்தது. எதிர்ப்பு வந்ததும் இடம் கோவளம் - மணக்குடிப் பக்கம் மாறியது. அங்கேயும் மீனவர்கள் எதிர்த்தார்கள். நடுவில் 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று அந்தக் கரை முழுக்க ஆண்களைத் தேடிக்கொண்டிருந்தது. தேடுதல் போதவில்லை என்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள்.

அந்த நாட்களில் நான் ஒரு கடற்கரை ஊருக்குப் போனேன். கூடப் படித்தவன் வீடு. அவன் தம்பி திரும்பி வரவில்லை. முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள், உடல் வராததால் அடியந்திரமும் (இறுதிச் சடங்கும்) நடத்த முடியாமல் பந்தலைப் பிரிக்கவும் மனமில்லாமல் விட்டிருந்தார்கள். அந்தப் பந்தலுக்குக் கீழே வந்து தரையில் உட்கார்ந்த அரசியல்வாதி யார், கார் கண்ணாடியை இறக்கிப் பேசிவிட்டுப் போனவர் யார் என்று அந்த ஊர் இன்றைக்கும் வரிசையாகச் சொல்லும். வேலை செய்தவரா என்று கேட்பதற்கு முன்னால் வந்தவரா என்று கேட்கும் மாவட்டம் இது.

ஒரு கிறிஸ்தவரை பாஜக வேட்பாளராக நிறுத்தினால்?

பெயருக்காக நிறுத்தினால் பயன் கிடையாது. 2019-ல் கிறிஸ்தவ வாக்குகளைத் திரளாக வாங்கிய வசந்தகுமார் ஒரு இந்து. அகஸ்தீஸ்வரத்துக்காரர், குமரி அனந்தனின் தம்பி. வேட்பாளரின் மதத்தைப் பார்த்து வாக்கு விழுகிறது என்ற கணக்கை அந்த ஒரு தேர்தலே பொய்யாக்கிவிட்டது. காங்கிரசின் கெட்டிக்காரத்தனத்தையும் இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும். நாடார் வேட்பாளருக்கு எதிரே நாடார் வேட்பாளர் நின்றார், அதனால் சாதிக் கணக்கு இரண்டு பக்கமும் சமமாகி அடிபட்டுப் போனது.

கிறிஸ்தவர் என்று நாம் ஒற்றைச் சொல்லில் சொல்வதே தவறு. கத்தோலிக்கர், சிஎஸ்ஐ, பெந்தெகொஸ்தே, கடற்கரை, உள்நாடு என்று எத்தனையோ பிரிவு. எங்கள் பக்கத்தில் அண்ணன் இந்துவாகவும் தம்பி கிறிஸ்தவராகவும் இருக்கும் குடும்பங்கள் உண்டு. அப்படி ஒரு குடும்பத்தில் பிறந்து, பத்து வருடம் கட்சி வேலை பார்த்து, பஞ்சாயத்தில் நல்ல பெயர் எடுத்த கிறிஸ்தவர் ஒருவர் இருந்தால் தயங்காமல் நிறுத்தலாம். தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்பு தேடிப் பிடித்துக் கொண்டுவந்தால், அவர்கள் வீட்டு வாக்கும் கிடைக்காது, நம் ஆட்களும் மனதோடு வேலை பார்க்க மாட்டார்கள்.

மாற்றுக் கட்சியிலிருந்து வந்தவர்கள்?

வருகிறவர் தன்னோடு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருகிறாரா என்பதைப் பொறுத்தது. நயினார் நாகேந்திரன் அதிமுகவிலிருந்து 2017-ல் வந்தார், 2021-ல் திருநெல்வேலியில் ஜெயித்தார். அங்கே அவருக்கென்று தெருத்தெருவாக ஆட்கள் இருந்தார்கள்.

விளவங்கோட்டில் மூன்று முறை காங்கிரசில் ஜெயித்த விஜயதரணி 2024-ல் நம் கட்சிக்கு வந்தார். தொகுதி காலியாகி இடைத்தேர்தல் வந்தது. முக்கியக் கட்சிகள் நான்குமே பெண்களை நிறுத்தின, அது நல்ல விஷயம். நம் சார்பில் நின்றவர் வி.எஸ். நந்தினி. காங்கிரசின் தாரகை கத்பர்ட் சுமார் 40 ஆயிரம் வாக்கில் ஜெயித்தார். தலைவர் மாறினாலும் அந்தத் தொகுதியின் காங்கிரஸ் வாக்கு இடம் மாறவில்லை. அங்கே வாக்கு கைச் சின்னத்துக்குத்தான் சொந்தம்.

பெண் வேட்பாளர் நிறுத்தினால் கூடுதல் வாய்ப்பா?

நாகர்கோவில் நகராட்சித் தலைவராக 2011-ல் நம் மீனாதேவ் வந்தார். தண்ணீர், குப்பை, தெருவிளக்கு என்று வீட்டு வாசல் பிரச்சினைகளோடு பழகியவர்களுக்கு வாய்ப்பு கூடும். சுயஉதவிக் குழுவிலும் அண்டி ஆபீசிலும் (முந்திரித் தொழிற்சாலை) நாள் முழுக்க வேலை பார்க்கும் பெண்களோடு உட்கார்ந்து பேசத் தெரிந்த பெண்கள் நம் கட்சியில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சீட்டுக் கொடுப்பதில் தயக்கம் காட்டுகிறோம் என்பது என் நெடுநாள் மனக்குறை.

வெளியூர்ப் பிரபலம், நடிகர், பணக்காரர்?

வெளியூர்க்காரர் இங்கே ஜெயித்ததற்குப் பெரிய உதாரணம் காமராஜர். 1967-ல் சொந்த ஊரான விருதுநகரில் தோற்றவரை 1969 இடைத்தேர்தலில் நாகர்கோவில் மக்களவைக்கு அனுப்பியது. இன்னொரு காமராஜர் கிடைத்தால் சொல்லுங்கள், நானே கொடி பிடிக்கிறேன். மற்றவர்களை நிறுத்துவது வீண் செலவு.

வெளிநாட்டுப் பழமைவாதக் கட்சிகளில் இந்தப் பிரச்சினை உண்டா?

உண்டு. அமெரிக்காவில் குடியரசுக் கட்சி 1964-ல் பேரி கோல்ட்வாட்டரை நிறுத்தியது. கட்சிக்காரர்களுக்கு அவர் என்றால் உயிர். மற்றவர்களுக்கோ அவரைக் கண்டால் அச்சம், அணுகுண்டு போட்டுவிடுவாரோ என்றுகூடப் பயந்தார்கள். 50 மாநிலங்களில் ஆறு மட்டுமே கிடைத்தன. அதே தேர்தலில் கோல்ட்வாட்டருக்காகத் தொலைக்காட்சியில் பேசியவர் ரொனால்ட் ரீகன். 16 வருடம் கழித்து ரீகன் தாமே நின்றார். சொன்னது ஏறத்தாழ அதே கொள்கை, சொன்ன முகத்தில் சிரிப்பு இருந்தது. 44 மாநிலங்கள். வில்லியம் பக்லி என்ற பழமைவாதப் பத்திரிகையாளர் 1967-ல் தன் அளவுகோலைச் சொன்னார்: ஜெயிக்கக்கூடியவர்களில் கொள்கையில் அதிக வலதுபக்கம் நிற்பவரை ஆதரிப்பேன் என்று. அதில் 'ஜெயிக்கக்கூடியவர்களில்' என்ற சொல்லை விட்டுவிட்டு மீதியை மட்டும் படிப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

சரி, நல்ல வேட்பாளரை எப்படிக் கண்டுபிடிப்பது?

நேர்காணல் நடத்திக் கண்டுபிடிக்க முடியாது. பயோடேட்டாவில் எல்லோரும் நல்லவர்கள். நான் மாவட்டப் பொறுப்பில் இருந்தால் முதலில் பூத் வாரியான வாக்குகளை எடுப்பேன். நம் கட்சி வழக்கமாக வாங்கும் வாக்கைவிட உள்ளாட்சித் தேர்தலில் கூடுதலாக வாங்கியவர் யார் என்று பார்ப்பேன். அந்தக் கூடுதல் வாக்குதான் அவருடைய சொந்தச் சம்பாத்தியம். அப்புறம் அந்த ஊரில் நமக்கு வாக்களிக்காத நான்கு பேரிடம் போய், "இவர் நின்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பேன். "போட மாட்டேன், ஆனா நல்ல ஆளு" என்று பதில் வந்தால் குறித்துக்கொள்வேன். "இவரா, ஐயோ" என்று வந்தால் அவர் மேடையில் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் பட்டியலில் சேர்க்க மாட்டேன்.

தோற்றவருக்கே மறுபடியும் சீட்டுக் கொடுக்கலாமா?

தோற்ற மறுநாள் அவர் என்ன செய்தார் என்று விசாரித்துவிட்டுக் கொடுக்கலாம்.

எங்கள் பேரூராட்சியில் ஒருவர் 2011-ல் வார்டு உறுப்பினர் தேர்தலில் நம் கட்சி சார்பில் நின்று சொற்ப வாக்கில் தோற்றார். மறுநாள் காலை ஆறு மணிக்கு ஏணியோடு வந்து தன் கொடி, தோரணம் எல்லாவற்றையும் தானே அவிழ்த்தார். கிறிஸ்தவ ஆலயத்தின் மதிலில் எங்கள் பையன்கள் ஒட்டிய போஸ்டரைத் தண்ணீர் தெளித்து, நகத்தால் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தார். நானும் போய் ஒரு வாளி பிடித்தேன். உள்ளேயிருந்து ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளை வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போய் இரண்டு சாயா வாங்கி வந்தார். அடுத்த தேர்தல் வர 2022 ஆகிவிட்டது. அதே வார்டில் அவர் ஜெயித்தார். எண்ணி முடித்து வெளியே வந்ததும் கோயில்பிள்ளைதான் முதலில் கையைப் பிடித்தார்.